ரேம் டூயல் சானலில்தான் ஓடுகிறதா? சந்தேகம் தீரும்வரை சோதித்துப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

கம்ப்யூட்டருக்குள் இரண்டு ரேம் ஸ்டிக் இருக்கிறது, அப்படியென்றால் டூயல் சானலில்தான் ஓடும் என்று நானும் ஒரு வருடத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் தூசி தட்டுவதற்காகப் பக்கவாட்டு மூடியைத் திறந்தபோதுதான் பார்த்தேன், இரண்டு ஸ்டிக்கும் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அதாவது இரண்டும் ஒரே சானலில். இன்னொரு சானல் அத்தனை நாளும் காலியாகக் கிடந்திருக்கிறது. மாட்டியது நானேதான், அதனால் திட்டவும் ஆளில்லை.

இதில் எரிச்சலான விஷயம், தப்பாக மாட்டினாலும் கம்ப்யூட்டர் எதுவும் சொல்லாது. ஆன் ஆகும், 16 ஜிபி என்று சரியாகக் காட்டும், எல்லா வேலையும் நடக்கும். வேகம் மட்டும் சத்தமில்லாமல் குறைந்திருக்கும். அதனால் நாமே போய்ப் பார்த்தால்தான் உண்டு.

முதலில் சானல் என்றால் என்ன

ப்ராசஸருக்கும் ரேமுக்கும் நடுவே ஓடுகிற பாதைதான் சானல். டிடிஆர்4 தலைமுறை ரேம் வரை ஒரு சானலின் அகலம் 64 பிட், அதாவது ஒரு தடவைக்கு 8 பைட். டிடிஆர்4-3200 ஸ்டிக் ஒரு நொடிக்கு 320 கோடி தடவை தரவை அனுப்பும்; 8 பைட்டால் பெருக்கினால் நொடிக்கு 25.6 ஜிபி. இரண்டு சானல் சேர்ந்து வேலை செய்தால் அகலம் 128 பிட், உச்சவரம்பு 51.2 ஜிபி. ஸ்டிக்கின் வேகம் மாறவில்லை, பாதைதான் இரட்டிப்பாகியிருக்கிறது.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதை வைத்துத்தான் கடைசித் தீர்ப்பு சொல்லப் போகிறோம். உங்கள் ரேமின் வேக எண்ணை 8-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் ஒற்றைச் சானலின் உச்சவரம்பு வந்துவிடும். 2666 என்றால் 21.3, டிடிஆர்3-1600 என்றால் 12.8, டிடிஆர்5-5600 என்றால் 44.8.

ரேம் உலகத்தில் "இரண்டு" என்ற சொல் மூன்று இடத்தில் வந்து குழப்பும். டிடிஆர் என்ற பெயரிலேயே "டபுள்" இருக்கிறது, அது ஒரே கடிகாரத் துடிப்பில் இரண்டு தடவை தரவு அனுப்புவதைச் சொல்வது. டூயல் ரேங்க் என்பது ஒரு ஸ்டிக்கில் சிப்புகள் எப்படி அணி பிரிந்திருக்கின்றன என்பது. டூயல் சானல் இந்த இரண்டும் இல்லை. அட்டைப் பெட்டியில் "டூயல் சானல் கிட்" என்று அச்சடித்திருந்தாலும், உள்ளே ஒரே மாதிரி இரண்டு ஸ்டிக் இருக்கிறது, சேர்த்துச் சோதித்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். ஸ்டிக்கில் சானல் கிடையாது; சானல் ப்ராசஸரிலும் மதர்போர்டிலும் இருக்கிறது.

படி 1: உங்கள் ப்ராசஸரால் அது முடியுமா?

இதை விட்டுவிட்டு நேராக மூடியைக் கழற்றுகிறவர்கள் அதிகம். ப்ராசஸரின் பெயரைப் பார்த்து, தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் அதன் விவரப் பக்கத்தைத் திறந்தால், மெமரி பகுதியில் அதிகபட்சச் சானல் எண்ணிக்கை என்று ஒரு வரி இருக்கும். சாதாரண டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் 2 என்றிருக்கும். இன்டெல் என்100 மாதிரி சிக்கன ப்ராசஸர்களில் 1 என்றே இருக்கும், அதில் என்ன செய்தாலும் டூயல் சானல் வராது. அந்த வரியில் 1 என்று பார்த்துவிட்டால் ஸ்க்ரூ டிரைவரை எடுத்த இடத்திலேயே வைத்துவிடலாம்.

படி 2: டாஸ்க் மேனேஜர், ஆனால் முழுதாக நம்பாமல்

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பர்ஃபாமன்ஸ் பகுதியில் மெமரியைத் தட்டுங்கள். கீழே வேகம், எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது, ஸ்டிக் எந்த வகை என்று வரும். "4-ல் 2" என்று ஸ்லாட் கணக்கு காட்டும். எந்த இரண்டு என்று காட்டாது! என் மெஷினில் அந்த ஒரு வருடமும் "4-ல் 2" என்றுதான் இருந்தது.

ஆனால் ஒரு விஷயத்துக்கு இது போதும். "2-ல் 1" அல்லது "4-ல் 1" என்று காட்டினால், டிடிஆர்4 அல்லது அதற்கு முந்தைய ரேமில், ஒற்றைச் சானல்தான், மேலே தேட வேண்டாம். ரேம் சிப்புகளை போர்டிலேயே பற்றவைத்திருக்கும் லேப்டாப்களில் ஸ்லாட்டே இல்லாமல் "8-ல் 8" என்றெல்லாம் வரும், அதைப் பார்த்துத் திகைக்காதீர்கள், அங்கே இந்த எண்ணுக்கு அர்த்தம் வேறு.

படி 3: சிபியு-இசட்

ப்ராசஸர், ரேம் விவரங்களைக் காட்டும் மென்பொருள் இது. இலவசம், சின்னது, ஒரு நிமிட வேலை. தயாரித்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள், அதே பெயரில் போலி வேறு உலவுகிறது. திறந்து மெமரி என்ற தாவலுக்குப் போனால் மேல் பக்கத்தில் சானல் என்ற கட்டம் இருக்கும். பழைய பதிப்பில் "சிங்கிள்" அல்லது "டூயல்" என்று வரும். புதிய பதிப்பில் "1 × 64-பிட்" அல்லது "2 × 64-பிட்" என்று வரும். இரண்டாவது வந்தால் டூயல் சானல்.

டிடிஆர்5-ல்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். டிடிஆர்5 ஸ்டிக் ஒவ்வொன்றின் உள்ளேயும் 64 பிட் பாதையை இரண்டு 32 பிட் துணைச் சானலாகப் பிரித்திருக்கிறார்கள். அதனால் ஒரே ஒரு ஸ்டிக் மாட்டினாலே "2 × 32-பிட்" என்று காட்டும், "ஆகா, 2 வந்துவிட்டது" என்று சந்தோஷப்பட்டால் ஏமாந்தீர்கள், அது ஒற்றைச் சானல். இரண்டு ஸ்டிக்கைச் சரியாக மாட்டினால் "4 × 32-பிட்" என்று வரும். பழைய பதிப்பு இதையே "குவாட்" என்று காட்டி, நான்கு சானல் கிடைத்துவிட்டதாக ஆசை காட்டும், அதுவும் இல்லை. குழப்பத்துக்கு ஒரே மருந்து, இரண்டு எண்ணையும் பெருக்குங்கள். 64 வந்தால் ஒற்றை, 128 வந்தால் இரட்டை. 16 பிட் துண்டுகளாகப் பிரித்துக் காட்டும் லேப்டாப் ரேமுக்கும் இதே கணக்குதான்.

அதே பக்கத்தில் டிராம் ஃப்ரீக்வன்சி என்ற எண்ணும் தெரியும். 3200 ரேம் வாங்கியவருக்கு அங்கே 1600 சொச்சம் தெரியும், பாதி போச்சே என்று பதறுவார். டபுள் டேட்டா ரேட் என்று சொன்னேனே, அதுதான், 1600-ஐ இரண்டால் பெருக்கினால் 3200. இந்தப் பாதி எண்ணுக்கும் சானலுக்கும் சம்பந்தமே இல்லை.

பழைய ஏஎம்டி ஃபீனம் காலத்து மெஷின் வைத்திருந்தால் டிசி மோடு என்ற இடத்தில் "அன்கேங்டு" என்று வரலாம். அதுவும் டூயல் சானல்தான், இரண்டு 64 பிட் பாதையையும் தனித்தனியாக ஓட்டுகிறது, அவ்வளவுதான்.

இன்னொரு பொறி, அளவு வேறுபட்ட ஸ்டிக்குகள். 8 ஜிபியும் 16 ஜிபியும் ஆளுக்கொரு சானலில் மாட்டியிருந்தாலும் சிபியு-இசட் டூயல் என்றே காட்டும். இன்டெல்லின் ஃபிளெக்ஸ் முறையில் சிறிய ஸ்டிக்கின் 8-ம் பெரிய ஸ்டிக்கின் 8-ம் சேர்ந்து 16 ஜிபி டூயலாக ஓடும், பெரியதில் மிஞ்சிய 8 ஜிபி ஒற்றையாக ஓடும். பாதி கிணறு தாண்டின கதைதான், ஆனாலும் ஒற்றைச் சானலைவிட எவ்வளவோ மேல். ஒவ்வொரு சானலிலும் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் கணக்கு, ஸ்டிக் எண்ணிக்கை இல்லை. ஒரு சானலில் 8-ம் 8-ம், இன்னொரு சானலில் ஒரே 16 என்று மூன்று ஸ்டிக் போட்டாலும் இரண்டு பக்கமும் சமம், முழுதாக டூயல்.

ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற இன்னொரு இலவச மென்பொருளில் மெமரி பிரிவைத் திறந்தால், எத்தனை சானலுக்கு ஆதரவு, இப்போது எத்தனை இயங்குகிறது என்று இரண்டு தனி வரியாகவே எழுதியிருக்கும். எனக்குக் கேட்டால் சிபியு-இசட்டைவிட இதுதான் தெளிவு.

படி 4: லினக்ஸ், மேக், பயாஸ்

லினக்ஸில் டிஎம்ஐடிகோட் (dmidecode) என்ற கருவியை ரூட், அதாவது நிர்வாகி அனுமதியோடு மெமரி வகைக்கு, அதாவது வகை எண் 17-க்கு ஓட்டுங்கள். ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் ஒரு பத்தி வரும், அதில் லொகேட்டர், பேங்க் லொகேட்டர் என்ற இரண்டு வரியைப் பாருங்கள். "சானல் ஏ", "சானல் பி" என்றோ, "டிம் ஏ2", "டிம் பி2" என்றோ எழுதியிருக்கும். அளவு குறிப்பிட்ட பத்திகளில் ஒன்று ஏ-விலும் இன்னொன்று பி-யிலும் இருந்தால் சரி, இரண்டும் ஏ-விலேயே இருந்தால் என் கதைதான். ஒரு எச்சரிக்கை: இந்தக் கருவி தானாக எதையும் அளப்பதில்லை, பயாஸ், அதாவது ஆன் ஆனதும் முதலில் ஓடுகிற மதர்போர்டின் அடிப்படை மென்பொருள், எழுதிவைத்ததை அப்படியே படித்துக் காட்டுகிறது. பயாஸில் பெயரைத் தப்பாக எழுதியிருந்தால் இதுவும் தப்பாகத்தான் சொல்லும்.

இன்டெல் மேக்கில் சிஸ்டம் ரிப்போர்ட்டின் மெமரி பக்கத்தில் இதே மாதிரி பெயர்கள் கிடைக்கும். ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ள மேக்கில் ரேம் சிப்போடு சேர்ந்தே வருகிறது, மாட்டவும் கழற்றவும் ஒன்றுமில்லை, விட்டுவிடலாம்.

பயாஸுக்குள் போக, ஆன் ஆகும்போது டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். பெரும்பாலான போர்டுகளில் முதல் பக்கத்திலேயே எந்த ஸ்லாட்டில் எவ்வளவு ரேம் என்று இருக்கும். விண்டோஸே ஏறாத மெஷினிலும் இது கைகொடுக்கும்.

படி 5: மூடியைத் திறந்து கண்ணால் பாருங்கள்

மெஷினை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தைப் போக்கிவிட்டு, கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டுவிட்டு அப்புறம் உள்ளே கை வையுங்கள்.

நான்கு ஸ்லாட் உள்ள போர்டில், ப்ராசஸருக்கு அருகிலிருந்து எண்ணினால் வழக்கமாக ஏ1, ஏ2, பி1, பி2 என்ற வரிசை. இரண்டு ஸ்டிக் மட்டும் இருந்தால் அநேகமாக எல்லா நவீன போர்டும் ஏ2, பி2 இரண்டையும் கேட்கும், அதாவது இரண்டாவதும் நான்காவதும். முதலாவதும் மூன்றாவதும் போட்டால் டூயல் சானல் வரத்தான் செய்யும், ஆனால் வேகத்தைக் கூட்டும்போது தடுமாறலாம்: பெரும்பாலான போர்டுகளில் கம்பித்தடம் ஏ1-ஐத் தாண்டி ஏ2-வில் போய் முடிகிறது, ஏ1-ல் மட்டும் ஸ்டிக் இருந்தால் ஏ2 வரை போகிற காலித் தடத்தில் சமிக்ஞை எதிரொலித்துத் திரும்பி வந்து குழப்பும்.

ஸ்லாட்டின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒரே நிறம் இரண்டிலும் போடு என்பது நிறைய போர்டுகளில் சரியாக வரும், சில போர்டுகளில் நிறம் வேறு எதையோ குறிக்கும், இன்னும் சிலவற்றில் நான்கும் கருப்பு. போர்டின் மேலேயே ஸ்லாட் பக்கத்தில் பொடி எழுத்தில் பெயர் அச்சிட்டிருக்கும், கையேட்டில் படமே போட்டிருப்பார்கள். இரண்டே ஸ்லாட் உள்ள போர்டில் இந்தத் தலைவலி இல்லை, பொதுவாக ஒன்று ஏ, மற்றது பி.

படி 6: அளந்து பாருங்கள்

மேலே சொன்னதெல்லாம் மென்பொருளின் வாக்குமூலம். நேரடிச் சாட்சி வேண்டுமென்றால் அளக்க வேண்டும். ஐடா64 என்ற மென்பொருளில் ரேமின் வேகத்தை அளக்கும் சோதனை இருக்கிறது. அதன் ரீட் எண்ணை, அதாவது படிக்கும் வேகத்தைப் பாருங்கள். இந்த எண், ஆரம்பத்தில் நாம் போட்ட ஒற்றைச் சானல் உச்சவரம்பைத் தாண்டிவிட்டால் டூயல் சானல் உறுதி, ஏனென்றால் ஒற்றைப் பாதையில் அவ்வளவு தரவு போகவே இடமில்லை. 3200 ரேமில் ரீட் எண் 40-க்கு மேல் வந்தால் பேச்சே இல்லை. 25-க்குக் கீழே 22, 23 என்று நின்றால் ஒரு சானல்தான் ஓடுகிறது என்று சந்தேகப்பட நியாயம் இருக்கிறது.

ரீட் எண் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஏஎம்டியின் ரைசன் 3600, 5600எக்ஸ் மாதிரி, கணக்குப் போடும் கோர்கள் எல்லாம் ஒரே சிப்லெட்டில் (சின்னச் சிப் துண்டில்) உள்ள டெஸ்க்டாப் ப்ராசஸர்களில், எழுதும் பாதை படிக்கும் பாதையில் பாதி அகலம்தான். ஆகவே 3200 ரேம் அருமையாக டூயல் சானலில் ஓடினாலும் ரைட் (எழுதும் வேக) எண் 25.6-ஐ ஒட்டியே நிற்கும். அதைப் பார்த்துவிட்டு ரேமைப் பத்து முறை கழற்றி மாட்டியவர்கள் இருக்கிறார்கள்.

எதையும் இறக்க மனமில்லையென்றால் விண்டோஸிலேயே வின்சாட் என்ற கருவி ஒளிந்திருக்கிறது. நிர்வாகி அனுமதியோடு கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து வின்சாட் கட்டளையை மெம் என்ற சொல்லோடு (winsat mem) ஓட்டினால் நொடிக்கு எத்தனை எம்பி என்று சொல்லும். லேப்டாப் என்றால் சார்ஜரில் போட்டுவிட்டு ஓட்டுங்கள். இந்த எண்ணைத் தனியாக வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன், ஒப்பிடத்தான் இது நல்லது: இரண்டு ஸ்டிக்கோடு ஒருமுறை, ஒரு ஸ்டிக்கைக் கழற்றிவிட்டு ஒருமுறை. இரண்டு எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தால், இரண்டு ஸ்டிக் இருந்தபோதும் ஒரு பாதைதான் ஓடியிருக்க வேண்டும் என்று சந்தேகப்படலாம்.

லேப்டாப்காரர்களுக்கு ஒரு குறுக்குவழி

இன்டெல் 11-ஆம் தலைமுறை முதலான ஐ5, ஐ7 லேப்டாப்களில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிஸ்ப்ளே அடாப்டரின் பெயரைப் பாருங்கள். விளம்பரத்தில் ஐரிஸ் எக்ஸ்இ கிராஃபிக்ஸ் என்று போட்டிருந்து, உங்கள் திரையில் வெறும் யுஎச்டி கிராஃபிக்ஸ் என்று தெரிந்தால், ரேம் ஒற்றைச் சானலில் ஓடுகிறதோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஐரிஸ் எக்ஸ்இ என்ற பெயருக்கே 128 பிட் மெமரி தேவை என்பது இன்டெல்லின் நிபந்தனை. இன்னொரு ஸ்டிக் போட்டு ஆன் செய்தால் பெயரே மாறிவிடும், மாயம் மாதிரி இருக்கும். பின்னால் வந்த கோர் அல்ட்ராவின் ஆர்க் கிராஃபிக்ஸ் பெயருக்கும் டூயல் சானலில் குறைந்தது 16 ஜிபி வேண்டும் என்கிறார்கள்.

பெயர் மட்டுமா என்றால் இல்லை. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் கிராஃபிக்ஸும் இதே ரேமைத்தான் பங்குபோட்டுக் குடிக்கிறது, அதனால் டூயல் சானலின் பலன் மிகப் பளிச்சென்று தெரிவது அங்கேதான். பிரவுசரும் எழுத்து வேலையும் மட்டும் பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாமலே போகலாம், அதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

டூயல் வரவில்லை என்றால்

இடம் தப்பு என்றால் இடத்தை மாற்றினால் முடிந்தது. இடம் சரியாக இருந்தும் ஒரு ஸ்டிக்கையே காணோம் என்றால் முதலில் அழுத்தம். இரண்டு பக்கக் கொக்கி உள்ள ஸ்லாட்டில் இரண்டும் டக்கென்று மூட வேண்டும், ஒரே பக்கக் கொக்கி உள்ளதில் கொக்கியில்லாத முனை பாதியில் நின்றுவிடும், கவனிக்காமல் விடுகிற இடம் இதுதான்.

அப்புறமும் வரவில்லையா? ஒரு ஸ்டிக்கை மட்டும் ஏ2-வில் போட்டு ஆன் செய்யுங்கள், பிறகு அதே ஸ்டிக்கை பி2-வில். அடுத்த ஸ்டிக்குக்கும் இப்படியே. ஒரு ஸ்டிக் எந்த ஸ்லாட்டிலும் வேலை செய்யவில்லை என்றால் ஸ்டிக் போய்விட்டது. இரண்டு ஸ்டிக்குமே ஏ2-வில் ஓடி பி2-வில் ஓடவில்லை என்றால் ஸ்டிக்கைக் குறை சொல்ல முடியாது. ஸ்லாட்டில் தூசியா என்று பாருங்கள், அதற்கடுத்து ப்ராசஸர் பக்கம். ரேமோடு பேசுகிற மெமரி கன்ட்ரோலர் இப்போது ப்ராசஸருக்குள்ளேயே இருப்பதால், சாக்கெட்டில் ஒரே ஒரு முள் வளைந்திருந்தாலும் ஒரு சானல் முழுதாகச் செத்துப்போகும். கூலரின் திருகை ஒரு பக்கம் மட்டும் இறுக்கிவைத்திருந்தாலும் இதே தொல்லை வருவதுண்டு, நான்கு திருகையும் தளர்த்தி மூலைக்கு மூலை மாற்றிச் சமமாக இறுக்கிப் பாருங்கள். முள்ளை நிமிர்த்துகிற வேலையைப் பழக்கம் இல்லாதவர்கள் செய்ய வேண்டாம்.

ஸ்டிக்கை இடம் மாற்றிய பிறகு முதல்முறை ஆன் செய்யும்போது, குறிப்பாக டிடிஆர்5-ல், திரை கருப்பாகவே சில நிமிடம் நிற்கும். போர்டு ரேமோடு பழகிக்கொண்டிருக்கிறது, அவசரப்பட்டு பவரை அணைக்காதீர்கள். படம் வந்ததும் சிபியு-இசட்டை மறுபடி திறந்து பெருக்கிப் பாருங்கள், 128 வர வேண்டும். அப்படியே வேகத்தையும் ஒரு கண் பார்த்துவிடுங்கள், ரேம் மாற்றத்தைக் கண்டதும் சில போர்டுகள், பெட்டியில் போட்ட வேகத்தில் ரேமை ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை அழித்துவிட்டு அடிப்படை வேகத்துக்கு இறங்கிவிடும். நான் டூயல் சானல் வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் அதைப் பார்க்கவே இல்லை, 3200 ரேம் இரண்டு வாரம் 2133-ல் ஓடிக்கொண்டிருந்தது.